ஆடிக்குள் தருவதாகச் சொன்ன கல்

என் மேசையில் ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. தாள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். விண்கல் ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்றவள் வீட்டில் கறுப்புக் கல்லைப் பார்த்தால் வருகிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? பயபக்தியோடு கையில் எடுத்து, "இது வானத்திலிருந்து வந்ததா?" என்பார்கள். "இல்லை, திருவொற்றியூரிலிருந்து" என்பேன். தமாஷ் என்று நினைத்துச் சிரிப்பார்கள். தமாஷ் இல்லை. இரும்பு வார்ப்பட்டறைக்குப் பின்னால் கொட்டிக் கிடந்த உலைக் கசடு அது. என் கையாலேயே பொறுக்கி எடுத்தது. எதற்குப் பொறுக்கினேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி காரியமும் இல்லை.

எங்கள் வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஜப்பானுக்குப் போகும் இரும்புத்தாதைக் கப்பலில் ஏற்றுவார். சாயங்காலம் வீடு திரும்பும்போது சட்டை, புருவம், காதுமடல் எல்லாம் செங்காவியாக இருக்கும். அந்தச் சிவப்புத் தூசியில் என்ன இருக்கிறது என்று யோசித்துத்தான் நான் வேதியியலுக்குள் வந்தேன் என்று பிற்பாடு மேடைகளில் சொல்லியிருக்கிறேன். சுத்தப் பொய். கணக்கில் மார்க் குறைந்துபோனது, வேதியியலில்தான் இடம் கிடைத்தது.

அப்பாவுக்கு ஒரே ஆசைதான். "நாலு பேரு உன்னிய மேடம்னு கூப்புடணும். அத்த நான் காதால கேக்கணும்" என்பார். துறைமுகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. நம்பர்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் முனைவர் பட்டத்துக்காக ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். நிலாவுக்குப் போய்க் கல் எடுத்து வந்திருந்த காலம். பூமி உண்டாவதற்கு முன்னால் சூரியனைச் சுற்றிக் கிடந்த தூசியில் என்னென்ன இருந்தது என்று விண்கற்களை வைத்துக் கண்டுபிடிக்கும் படிப்பு எங்களுடையது. கேட்க ஜோராக இருக்கும். உண்மையில் எங்களிடம் இருந்ததோ நகக்கண் அளவில் மூன்று துணுக்குகள். வெளிநாட்டுக்காரர்கள் உரசித் தீர்த்துவிட்டுப் போனால் போகிறதென்று அனுப்பிய மிச்சம். அவையும் துறைத்தலைவரின் இரும்பு பீரோவுக்குள் இருக்கும். சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். ஒரு துணுக்கைத் தொட வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுதி அவர் கையெழுத்து வாங்க வேண்டும்.

முதல் நாள் அவர் முன்னால் பதற்றத்தில், எங்கள் பேட்டைப் பேச்சிலேயே, "ரிப்போர்ட் மேஜை மேல கீது சார்" என்று சொல்லிவிட்டேன். அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த 'கீது' என் வாயில் வராமல் பார்த்துக்கொண்டேன். அவர்கள்தான் மறக்கவில்லை. நான் வராந்தாவில் நடந்தால், "யாரோ வந்துகினு கீறாங்கோ" என்று ஒருத்தன் பாடுவான்.

ஆனால் ஒன்றில் என்னை யாரும் அசைக்க முடியாது. கல்லைச் சோதிப்பதற்கு முன்னால், கல் இல்லாமலே எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். வெற்றுச் சோதனை என்று பெயர். அதில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் அது பாத்திரத்து அழுக்கு, காற்றின் அழுக்கு, இல்லையென்றால் செய்கிறவர் கை அழுக்கு. காயப்போட்ட வெள்ளைத்துணி மத்தியானத்துக்குள் கரி படிந்து போகிற பேட்டையில் வளர்ந்தவள் நான். அழுக்கு எங்கிருந்தெல்லாம் வரும் என்று எனக்குத் தெரியும். என் வெற்றுச் சோதனை மாதிரிச் சுத்தமாக அந்த ஆய்வகத்தில் யாருக்கும் வந்ததில்லை. இத்தனை வருஷம் கழித்தும் இதைத் திமிராகத்தான் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரி. நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து வருகிறாள். அவள் தராசு வைத்துக்கொண்டதே இல்லை. அம்மா அளவைச் சொல்வாள், அக்கா கையால் அள்ளி வைப்பாள். கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. என்னைப் பாப்பா என்பாள். எனக்கு இருபத்தைந்து வயதான பிறகும் பாப்பாதான்.

பங்குனி மாதத்தில் ஒரு காலை கூடையில்லாமல் வந்தாள்.

"பாப்பா கீதா? அத்த கூப்புடு. வானத்துலருந்து கல்லு வுழுந்துச்சும்மா எங்க வூட்டுல!"

முந்தின நாள் பட்டப்பகலில் இடி மாதிரி ஒரு சத்தம். கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்திருக்கிறது. விழுந்த இடம் அவள் புருஷன் தினமும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற இடம். அன்றைக்கென்று அவர் வலைக்கு நூல் வாங்க ராயபுரம் வந்திருந்தார். பாய் விரித்தபடி இருந்ததாம், தலையணை கிழிந்து பஞ்சு பறந்ததாம். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் ஆய்வகத்துக்கு லீவுகூடச் சொல்லாமல் அக்காவோடு எண்ணூர் பஸ் ஏறினேன்.

அரைத் தேங்காய் அளவில் ஒரு கல். வெளியே தார் பூசிய மாதிரி கறுப்பு. ஒரு மூலை உடைந்து, உள்ளேயும் கரியாக இருந்தது. முகர்ந்தால் மண்ணெண்ணெய் மாதிரி லேசாக ஒரு வாடை. இந்த வகை ரொம்ப அபூர்வம், படத்தில் மட்டும் பார்த்தது. சூரியன் பிறந்த காலத்துத் தூசி, அப்புறம் உருகாமல் வேகாமல் அப்படியே இருப்பது. அதை அக்கா முறத்தில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, விளக்கேற்றியிருந்தாள்.

"கைல வாங்கிப் பாரு. இந்தப் பருமனுக்கு நம்மூர்க் கல்லுன்னா இன்னும் கனம் இருக்கணும். இது லேசா கீது பாரு" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தலையை ஆட்டி வைத்தேன். அவள் உட்கார்ந்து பழைய வேலையைத் தொடர்ந்தாள். வலையின் அடி ஓரத்தில் கட்டுகிற கற்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் குலுக்குவாள். ஒன்றைக் கட்டுவாள், ஒன்றைத் தூக்கி எறிவாள். "ஏன்க்கா அதை வேணாங்கற?" என்றேன். "ஒரு மத்தி மீனு எடை கொறச்சல். வலை ஒரு பக்கமா இஸ்துக்கும்" என்றாள். நான் சிரித்தேன். என் கண்ணால் பார்த்தேன், சிரித்தேன், மறந்தும் போனேன்.

கல்லைக் கொடுக்க அவளுக்கு மனசே இல்லை. "எம்புருசன் உசுர எடுக்காம வுட்டுட்டு வுழுந்த கல்லு பாப்பா இது. வர்ற ஆடில கூழு ஊத்தறப்ப, இத்தத் தலைல வெச்சிகினு ஆத்தா கோயிலுக்கு வர்றேன்னு வேண்டிக்கினு கீறேன். அப்பால எதுனா ஆச்சின்னா?"

"ஒண்ணும் ஆவாதுக்கா. சுண்டக்கா அளவு ரெண்டு துண்டு எடுத்துப்பேன், அவ்ளோதான். ஆடிக்குள்ள கல்லு உன் கைல இருக்கும். மாதா மேல சத்தியமா."

"அய்ய, சத்தியம்லாம் இன்னாத்துக்கு? உங்க வூட்டுக்குத்தான தெனம் வர்றேன். எங்க ஓடிடப்போற நீ?" என்று துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவள் புருஷன் வாசலில் நின்றுகொண்டு கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆய்வகத்தில் முதல் காரியமாக எடையும் கன அளவும் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. சாதாரணக் கருங்கல்லைவிட நல்ல லேசு. நோட்டில் தசமத்துக்குப் பின் நாலு எண் வரை எழுதினேன். அக்கா சொன்னாள் என்று எழுதவில்லை.

உடைந்த மூலைக்கு உள்ளே, யார் கையும் மஞ்சளும் படாத இடத்திலிருந்து, சுட்ட இடுக்கியால் இரண்டு துண்டு எடுத்தேன். பொடித்து, சுத்த நீரில் கொதிக்க வைத்து, வடித்து, அந்தச் சாற்றைத் தாளில் ஏறவிட்டு மருந்து தெளித்துச் சூடு காட்டினேன். ஊதாவாக ஐந்து புள்ளிகள் தெரிந்தன. அமினோ அமிலங்கள். நம் உடம்பில் புரதத்தைக் கட்டுகிற பொருள்கள் அவை. பக்கத்திலேயே வெற்றுச் சோதனைத் தாள், ஒரு புள்ளிகூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. உயிர் என்ற ஒன்று வருவதற்கு முன்னாலேயே இவை அந்தத் தூசியில் இருந்திருக்கின்றன. நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினேன். வெட்கமில்லாமல் ஆடினேன்.

இரண்டு தாள்களையும் தலைவரிடம் கொண்டு போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நீ எந்த ஏரியாம்மா?"

"ராயபுரம் சார்."

"வீட்ல தினம் மீன்தானே? அந்தக் கையோட தொட்டா அமினோ அமிலம் வராம அமிர்தமா வரும்?"

"சார், வெற்றுச் சோதனைத் தாளைப் பாருங்க. அதையும் இதே கையாலதான் செஞ்சேன்."

அவர் அந்தத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "கல்லை இங்க கொண்டு வந்து வை. பத்திரமா இருக்கணும்" என்றார். கல் பீரோவுக்குள் போனது. பெரிய மனுஷன், பூட்டித்தானே வைக்கிறார் என்று இருந்துவிட்டேன்.

சித்திரை போனது, வைகாசி போனது. அக்கா மீன் கொண்டு வரும்போதெல்லாம், "இன்னா பாப்பா, கல்லு நல்லா கீதா?" என்பாள். ஊரில் இருக்கிற பிள்ளையை விசாரிக்கிற மாதிரி கேட்பாள். "சோக்கா கீதுக்கா" என்பேன். ஆனி பிறந்ததும் விண்ணப்பம் எழுதி எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனேன்.

"அதுவா? அது போயாச்சே" என்றார். வெளிநாட்டில் அவருக்குத் தெரிந்த பெரிய ஆய்வகத்துக்கு விமானத்தில் அனுப்பிவிட்டாராம். போய் ஒரு மாதம் ஆகிறதாம்.

"முழுசாவா சார்?"

"பின்னே, பாதியை நீ ஊறுகாய் போடவா?"

"அவங்க ஆடிக்கு வேணும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. நான் வார்த்தை குடுத்திருக்கேன் சார்."

"ஒரு மீன்காரி. அவளுக்குக் கல்லுன்னா எல்லாம் கல்லுதான். வேற ஒண்ணு எடுத்துக் குடேன்." சொல்லிவிட்டு, இன்னொன்றையும் கேட்டார்: "உன் தீசிஸ் எந்த மாசம் சமர்ப்பிக்கிற?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று புரியாதவள் இல்லை நான். அவர் கையெழுத்துப் போட்டால் பட்டம், போடாவிட்டால் இல்லை. அப்பாவுக்கு அந்த வருஷம் நெஞ்சில் சளி கட்டி, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. நான் தலைவர் மேசையைப் புரட்டிப் போட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம். "சரி சார்" என்றேன். இரண்டே வார்த்தை. இன்றைக்கும் சில நாள் குளிக்கும்போது அந்த இரண்டு வார்த்தை ஞாபகம் வந்து தலையில் அடித்துக்கொள்கிறேன்.

அந்த வெளிநாட்டு ஆய்வகம் வெளியிட்ட கட்டுரையைப் பற்றியும் இங்கேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். மறு வருஷம் வந்தது. கல்லில் அமினோ அமிலங்கள் இருக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். நான் பார்த்த ஐந்தும் அதில் இருந்தன. தலைவர் பெயர் ஆசிரியர்களில் ஒன்றாக இருந்தது. என் பெயர் கடைசியில் நன்றி சொல்கிற இடத்திலும் இல்லை. கல் 'உள்ளூர் மீனவர்களிடமிருந்து பெறப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. மீதிக் கல்லைக் கேட்டு நானே மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. சோதனைகளில் முழுவதும் செலவாகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள்.

ஆனியின் கடைசி வாரம் திருவொற்றியூருக்குப் போனேன். வார்ப்பட்டறையில் இரும்பு உருக்கும்போது மேலே மிதந்து வருவதை வழித்துப் பின்பக்கம் கொட்டுவார்கள். ஆறினால் கறுத்த கல்லாகிவிடும். எண்ணூரில் ஒரு வானக்கல் விழுந்தது தெரிந்த பிறகு, கொருக்குப்பேட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் இந்தக் கசடைத்தான் விண்கல் என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருத்தரிடமும் "இது கசடுப்பா" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவள் நான்தான். இப்போது சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தக் குவியலில் குந்தித் தேடினேன். பட்டறை வாசலில் ஒருத்தர், "இன்னாம்மா தேடுற, தங்கமா?" என்று சிரித்தார்.

அரைத் தேங்காய் அளவு கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டினேன். அரம் போட்டு விளிம்பை மழுக்கினேன். என் நோட்டில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துச் சரி செய்தேன். பளபளப்பு தெரியாமல் கரி தேய்த்தேன். மஞ்சள் வைத்து, குங்குமம் வைத்து, அதே துணியில் சுற்றினேன். அக்காவின் கல் எவ்வளவு எடை என்று தசமத்துக்குப் பின் நாலு எண்ணோடு என் நோட்டில் இருந்தது. இந்தக் கசடை ஒருதரம்கூடத் தராசில் வைக்கவில்லை. தோன்றவே இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருந்தால் போதும், அவளுக்கு வேறென்ன தெரியப்போகிறது என்றுதான் நினைத்தேன். மீன்காரிக்கு எல்லாம் கல்லுதான் என்று சொன்ன மனுஷனைத் தினமும் மனசுக்குள் திட்டிக்கொண்டே நினைத்தேன்.

கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா குளித்து, மஞ்சள் புடவை கட்டி, ஈரத்தலையோடு காத்திருந்தாள். வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். "தோ, வந்துட்டா என் பாப்பா! சொன்னா சொன்ன மாரி வந்துட்டா பாத்தியா!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். துணியோடு வாங்கினாள்.

வாங்கின கை ஒரு நொடி தாழ்ந்தது. வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். திரும்ப வலது கைக்கு. உள்ளங்கையில் இரண்டு தரம் குலுக்கினாள். துணியை இன்னும் பிரிக்கவே இல்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு அந்த வலைக்கற்கள் ஞாபகம் வந்தன. வந்து என்ன பிரயோஜனம்?

"இன்னாமே, அந்தக் கல்லுதான?" என்று அவள் புருஷன் கேட்டார்.

"அதான். வேற எது?" என்றாள் அக்கா.

பிரித்து, முறத்தில் வேப்பிலை பரப்பி அதன்மேல் வைத்து, தலையில் ஏற்றிக்கொண்டாள். மேளம் முன்னால் போனது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள், கிழவர்கள் கும்பிட்டார்கள். திருவொற்றியூர் உலைக் கசடைக் கும்பிட்டார்கள். நான் பின்னாலேயே நடந்தேன். கோயில் வாசலில் அவள் ஒரு சொம்புக் கூழும் கருவாட்டுத் துண்டும் என் கையில் கொடுத்து, "குந்து. குடிச்சிட்டுப் போ" என்றாள். உட்கார்ந்தேன். சொம்பு காலியாகிறவரை குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை மீன் கூடையோடு வந்தாள். அம்மா உள்ளே அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா கூடையை இறக்கி, மீனுக்கு அடியிலிருந்து அந்தக் கசடை எடுத்து வாசற்படியில் வைத்தாள். குங்குமத்தைக் கழுவியிருந்தாள்.

"அந்தக் கல்லு எங்க?"

சொன்னேன். பீரோ, விமானம், கையெழுத்து, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தொலச்சிட்டேன்க்கா, தாராந்துட்டேன்க்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கஸ்மாலம், பேமானின்னு நாலு திட்டு திட்டிட்டு வுட்டிருப்பேன். நீ இன்னா பண்ணுவ, பெரிய எடம். ஆத்தாகிட்ட நான் பேசிக்குவேன். ஆனா எங்கைக்கு எடை தெரியாதுன்னு நெனச்சிட்டியே. இருவது வருசமா எங்கையால வாங்கித் துன்னுட்டு, அத்தப் போயி நெனச்சிட்டியே."

"மன்னிச்சுரு அக்கா."

அவள் கூடையைப் பார்த்து உட்கார்ந்து, சங்கரா மீனைக் கையால் அள்ளி வைத்தாள். அம்மா வழக்கமாகக் கேட்கிற அளவுதான். அதிலும் ஒன்றும் குறைக்கவில்லை. பிறகு கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தாள். உள்ளே கட்டிலில் அப்பா இருமிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது, அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

"மீன் வெச்சிருக்கேன்," என்றாள், "உள்ள எடுத்துக்கினு போங்க, மேடம்."